சேர்வரில் பிரதி வேண்டாம்

நான் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த கப்பல் முகவர் நிறுவனம் ஒரு மலர் வெளியிடப்போகிறதாம். ஓய்வு பெற்றவர்களிடமும் இரண்டு பக்கம் கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறார்கள். "இனிமையான அனுபவமாக இருந்தால் நல்லது" என்று அடியில் ஒரு குறிப்பு. எப்படி எழுதவேண்டும் என்று எங்களுக்குத் தெரியாமல் போய்விடுமே என்ற கவலையில், கணினிப் பிரிவின் புதிய தலைவர் எழுதிய கட்டுரையையும் மாதிரிக்கு இணைத்திருந்தார்கள். அதில் ஒரு வசனம் இருந்தது: அந்தக் காலத்துப் பணியாளர்களின் அறியாமையால் பல வருடத்து மின்னஞ்சல்கள் ஒரேயொரு கணினியில் இறக்கி வைக்கப்பட்டிருந்தன, சேர்வரில் ஒரு பிரதிகூட இல்லை என்று. அந்த அறியாமை நான்தான். அந்தக் காலத்தில் அங்கே மின்னஞ்சலைத் தொட்ட பணியாளர் வேறு ஒருவரும் இல்லை.

எழுதிய மகாராசனுக்குக் குளிரூட்டிய அறை இருக்கிறது. அறுபடாத இணைப்பு இருக்கிறது. பஸ்ஸில் நின்றுகொண்டே போனில் கடிதம் பார்ப்பவர். லைன் இல்லாத நாளில் ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டு என்று யாரும் அவர் கழுத்தைப் பிடித்ததில்லை. ஆகவே நான் இனிமையான அனுபவம் எழுதப்போவதில்லை. அவர்கள் இதைப் போடவும் மாட்டார்கள்.

என் படிப்பின் கதையில் பெருமைப்பட ஒன்றுமில்லை, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து தலைநகருக்கு வந்து வெள்ளவத்தையில் பெரியம்மா வீட்டில் ஒரு மூலையில் இருந்தேன். தட்டெழுத்துப் பழகினேன், டெலெக்ஸ் பழகினேன். பிறகு பம்பலப்பிட்டியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே நடந்த கணினி வகுப்பில் ஆறு மாதம். பதினெட்டுப் பேருக்கு இரண்டு மெஷின். மற்ற நேரத்தில் கீபோர்டின் படத்தைக் கடதாசியில் வரைந்து அதில் விரல் வைத்துப் பழகினோம். அலுவலகத்துக்கு முதல் கணினி வந்து இறங்கியபோது அதை எங்கே தட்டினால் உயிர் வரும் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அன்றிலிருந்து நான் "கொம்பியூட்டர் மிஸ்". என் பெயர் யோகேஸ்வரி என்பதைப் பலர் மறந்தே போனார்கள்.

அலுவலகம் கொச்சிக்கடையில், துறைமுக வாசலுக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரு பழைய கட்டிடத்தின் இரண்டாம் மாடி. மின்னஞ்சலுக்கும் ஃபேக்ஸுக்கும் ஒரே தொலைபேசி லைன். காலை எட்டரைக்கு ஃபேக்ஸின் வயரைக் கழற்றி மோடத்தில் செருகுவேன். மோடம் ஒரு நிமிடம் கத்தும். பிடித்தால் கடிதங்கள் இறங்கும், பிடிக்காவிட்டால் திரும்பவும் கத்தும். இறங்கி முடிந்ததும் உடனே லைனை வெட்டி வயரை ஃபேக்ஸுக்குக் கொடுத்துவிடவேண்டும். ஏனென்றால் அதற்குள் சிங்கப்பூரிலிருந்து யாராவது ஃபேக்ஸ் அனுப்பி, லைன் பிஸி என்று எங்கள் ஜெனரல் மனேஜரிடம் முறையிட்டிருப்பார்கள். பதில்களை லைன் இல்லாமலே எழுதி வரிசையில் போட்டு வைப்பேன். பதினொன்றுக்கு ஒரு தடவை, மூன்றுக்கு ஒரு தடவை அனுப்புவேன். இதைவிடச் சிக்கனமான முறை ஒன்றை அந்த மலர்க் கட்டுரையாளர் காட்டட்டும் பார்ப்போம்.

ஜெனரல் மனேஜர் பரராஜசிங்கம் சேர். பாமன்கடையில் வீடு. வெயில் கொளுத்தினாலும் டை கட்டுவார். கீபோர்டை ஒரு விரலால் தொடுவார், அதுவும் அடுப்பில் சூடு பார்ப்பது போல. வந்த கடிதம் ஒவ்வொன்றையும் நான் அச்செடுத்துக் கொண்டுபோய் மேசையில் வைக்கவேண்டும். அவர் சிவப்பு மையால் ஓரத்தில் "கண்டேன்" என்று ஆங்கிலத்தில் எழுதி, கையொப்பம் வைத்து, திகதியும் போடுவார். விளம்பரக் கடிதம் வந்தாலும் கண்டேன்தான். தலைமயிர் முளைக்கும் தைலத்துக்கு ஒருவன் எங்கிருந்தோ அனுப்பிய விளம்பரத்திலும் "கண்டேன்" என்று கையொப்பம் வைத்துக் கோப்பில் போடச் சொன்ன மனிதர் அவர். நானும் போட்டேன். சொன்னதைச் செய்வதில் ஒரு பழிவாங்கல் இருக்கிறது.

ஒருநாள் பொலிசும் ராணுவமும் வந்து எங்கள் கட்டிடத்தைச் சோதனை போட்டார்கள். யுத்தம் நடந்த அந்த நாட்களில் அது மழை பெய்வது போல ஒரு சங்கதி. மேசை லாச்சிகளைத் திறந்து, தமிழில் எழுதிய கடதாசி எல்லாவற்றையும் தனியாக அடுக்கி, ஒவ்வொன்றையும் இது என்ன என்று கேட்டார்கள். என் லாச்சியில் இருந்த சலவைக் கணக்குக்கு நான் பத்து நிமிடம் விளக்கம் சொன்னேன். கணினியை ஒருவர் தட்டிப்பார்த்தார், ஆனால் திறக்கவில்லை. அவர்கள் போனதும் சேர் என்னைக் கூப்பிட்டார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"மிஸ், உந்த மெஷினுக்குள்ள இனி ஒரு கடிதமும் இருக்கப்படாது."

"கடிதம் இல்லாம வேலை செய்யிறது எப்பிடி, சேர்?"

"அங்கயே இருக்கட்டும். சேர்வரிலயே. போய்ப் பாத்துப்போட்டு வருவம்."

இரண்டு வழி இருந்தது உண்மைதான். பொப் என்று ஒன்று: கடிதத்தை நம்முடைய மெஷினுக்குள் இறக்கிவிடலாம், பிறகு லைன் இருந்தாலென்ன செத்தாலென்ன. ஐமாப் என்று மற்றது: கடிதம் இணைப்புத் தருகிறவருடைய சேர்வரிலேயே கிடக்கும், வேண்டும்போதெல்லாம் லைன் போட்டுப் போய்ப் பார்க்கவேண்டும். தகரப்பெட்டியில் நகை வைத்திருக்கிறவளுக்கும் அதை அடைவுகடையில் வைத்திருக்கிறவளுக்கும் உள்ள வித்தியாசம். அடைவுகடை பூட்டியிருந்தால் கழுத்து வெறுங்கழுத்துத்தான்.

சொன்னபடி ஐமாப்புக்கு மாற்றினேன். அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. ஒரு பழைய கடிதத்தில் பெட்டி இலக்கம் பார்க்கவேண்டுமென்றாலும் மோடம் கத்தவேண்டும். பாதி திறக்கும்போது லைன் விழும். மழை வந்தால் விழும், மழை விட்டாலும் விழும். ஒரு தடவை கப்பல் வந்து துறையில் கட்டிவிட்டது, சரக்குப் பட்டியல் சேர்வரில், லைன் செத்துக்கிடக்கிறது. பக்கத்துக் கட்டிடத்தில் இருந்த இன்னொரு முகவரிடம் போய், எங்கள் கடிதத்தை எங்களுக்கே காட்டுங்கள் என்று பல்லை இளித்துக்கொண்டு நின்றேன். பயந்தவனுடைய கையில் நிர்வாகத்தைக் கொடுத்தால் இப்படித்தான் என்று தேநீர் அறையில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

பிறகு ஒரு காலை அவரே என் மேசைக்கு வந்தார். அதுவே அதிசயம்.

"மிஸ், பழையபடி மெஷினுக்குள்ள இறக்குங்கோ. சேர்வரில ஒரு கொப்பியும் விடவேண்டாம். அங்க ஆர் ஆர் பாப்பாங்களோ தெரியாது."

"அப்ப சோதனைக்கு வந்தா, சேர்?"

"வரட்டும் பாப்பம்."

நேற்று வரை சேர்வர் பத்திரம், மெஷின் ஆபத்து. இன்றைக்கு மெஷின் பத்திரம், சேர்வர் ஆபத்து. மனிதருக்குத் தன் புத்தியே தன் பக்கம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் எனக்குச் சந்தோஷம். சேர்வரில் பிரதி விட்டு வைக்கட்டுமா என்று கேட்கும் சின்னப் பெட்டியில் இருந்த சரி அடையாளத்தை எடுத்துவிட்டேன். எங்களுக்குத் தந்த இடம் கையளவு, அது நிரம்பினால் வருகிற கடிதங்கள் திரும்பிப் போய்விடும். அவர் சொல்லாவிட்டாலும் எடுத்திருப்பேன்.

அன்றைக்கே இன்னொரு வேலையும் சொன்னார். ஒரு விலாசத்தைத் துண்டில் எழுதிக் காட்டி, இந்த விலாசத்திலிருந்து வருகிற கடிதங்கள் தானாகவே ஒரு தனி ஃபோல்டருக்குள் விழவேண்டும், அச்செடுக்க வேண்டாம் என்றார். ஃபோல்டருக்கு என்ன பெயர் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "பழைய ரேட்ஸ் எண்டு போடுங்கோ. மேற்கு ஆபிரிக்காப் பக்கம் ஒருத்தர், கட்டண விசயமா எழுதுவார்" என்றார். நான் அந்த விலாசத்தைத் தட்டி முடித்ததும் துண்டை வாங்கி நாலாகக் கிழித்து, தன் சேர்ட் பொக்கற்றில் போட்டுக்கொண்டார்.

எங்களுக்கு மேற்கு ஆபிரிக்காவோடு ஒரு வியாபாரமும் இல்லை. அது எனக்கும் தெரியும், கோப்புகளைத் தூசி தட்டுகிற ஆளுக்கும் தெரியும். ஆக, மனிதர் பக்கத்தில் ஒரு தனி வியாபாரம் வைத்திருக்கிறார், தரகோ என்னவோ அடிக்கிறார் என்று முடிவு கட்டினேன். மத்தியான நேரம் எல்லாரும் சாப்பிடப் போனதும் அவர் என் கதிரையில் வந்து உட்கார்ந்து அந்த ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பார். லைன் போடமாட்டார், போடத் தெரியாது. இருக்கிற கடிதங்களையே திரும்பத் திரும்பப் பார்ப்பார். நான் வந்தால் மூடிவிடுவார். கண்ணாடியைத் துடைப்பார். கள்ளன் என்றால் இப்படி முகத்தில் எழுதி ஒட்டியிருக்கக்கூடாது என்று எனக்குச் சிரிப்பாக வரும். நான் ஒருநாளும் அந்த ஃபோல்டரைத் திறந்ததில்லை. மரியாதையினால் அல்ல. பார்க்காமலே தெரியும் என்ற திமிர்.

செபஸ்தியனைப் பற்றி இனிச் சொல்லவேண்டும். எங்கள் வார்ஃப் கிளார்க். துறைமுகத்துக்குள் போய்ச் சுங்கத்தில் பத்திரங்களைக் காட்டிச் சாமான்களை விடுவித்து வருகிற வேலை. கொச்சிக்கடையில் இருபது வருடம் குடியிருந்தவர், மூன்று பிள்ளைகள், சிங்களம் தண்ணி பட்ட பாடு. ஆனால் அடையாள அட்டையில் பிறந்த இடம் மன்னார் என்று, அதாவது வடக்கு என்று இருக்கும். அந்த ஒரு சொல் போதும், வாசல் காவலில் நிற்கிறவருக்குச் சிங்களம் திடீரென்று காதில் விழாமல் போய்விடும்.

அன்று அவர் விடுவிக்கப் போனது ஒரு செவிப்புலனற்றோர் பாடசாலைக்கு வந்த சின்னப் பெட்டி. காதுக் கருவிக்குப் போடுகிற பற்றரிகள், ஒவ்வொன்றும் சேர்ட் பொத்தான் அளவு. ஆனால் சரக்குப் பட்டியலில் அதையா எழுதுவார்கள்? "பற்றரிகள்" என்று மட்டும், பக்கத்தில் நாலாயிரம் என்று எண்ணிக்கை. பற்றரி என்றாலே குண்டுக்குத்தான் என்று நினைக்கிற அந்தக் காலத்தில் அந்தச் சொல்லோடு மன்னாரில் பிறந்த ஒருவர் துறைமுக வாசலில் நின்றால் என்ன நடக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. அனுமதிப் பத்திரத்தின் ஃபேக்ஸ் பிரதி கையில் இருந்தது, ஆனால் அது கரிக்கட்டியால் பூசியது போல வந்திருந்தது. ஒன்பதரைக்குப் பிடித்தார்கள். பத்து மணிக்கு இன்னொரு நிறுவனத்தின் கிளார்க் ஓடி வந்து சொன்னார், பொலிசில் கொடுத்துவிட்டார்கள், மத்தியானம் தாண்டினால் மேலிடத்துக்கு அனுப்பிவிடுவார்களாம் என்று. மேலிடத்துக்குப் போனவர்கள் எப்போது வருவார்கள், எப்படி வருவார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

பெட்டியில் இருப்பது காதுக் கருவிப் பற்றரிதான் என்று அனுப்பியவர்கள் விளக்கி எழுதியதும், அனுமதி இலக்கமும் மின்னஞ்சலில் இருந்தன. அச்செடுத்த பிரதி கோப்பில் இருந்தது. சேரிடம் போனேன்.

"நீங்கள் போறியளோ, சேர்?"

"என்ர சிங்களம் சரிவராது, மிஸ். நீங்கள் போங்கோ. பொம்பிளையெண்டா மரியாதையாக் கதைப்பினம்."

இப்படி ஒரு தலைவர். டையைச் சரி பார்த்துக்கொண்டு சொன்னார். நான் குடையை எடுத்துக்கொண்டு போனேன்.

பொலிஸ் நிலையத்தில் இருந்த அதிகாரி இளவயதுக்காரர், மரியாதையானவர்தான். செபஸ்தியன் உள்ளே ஒரு மர வாங்கில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், ஒருவர் தோளில் கைவைத்து இருத்தினார்.

"மிஸ், வீட்ல சொல்லிறாதீங்க. அவ பயந்துருவா" என்றார்.

அதிகாரி நான் நீட்டிய கடதாசியைப் பார்த்தார். ஓரத்தில் சிவப்பு மையில் பெரிதாக எழுதிக் கையொப்பமும் இருந்ததைப் பார்த்தார். "இதை நீங்களே எழுதியிருக்கிறீர்களே" என்று சிங்களத்தில் சொல்லி விரலை அதில் வைத்தார். எங்கள் சேரின் "கண்டேன்" அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு வேலை செய்தது. நான் விளக்கினேன். அவர் கேட்கவில்லை. அண்மையில்தான் கணினி வகுப்பு ஒன்றுக்குப் போய் வந்திருந்தாராம், கடதாசியில் எதையும் தட்டிக் கொண்டுவரலாம் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்களாம்.

"கடதாசி ஓன நே, மிஸ். கொம்பியூட்டர் எகே பென்னன்ன."

கடதாசி வேண்டாம், கணினியிலேயே காட்டு, வந்த திகதியோடு காட்டு என்கிறார். அவர் மேசையில் ஒரு கணினி இருந்தது. இணைப்பு இல்லை. எங்கள் பக்கத்திலும் தெருவைத் தோண்டுகிறேன் என்று எவனோ கேபிளை வெட்டி லைன் செத்து இரண்டு நாள். சேர்வரில் அந்தக் கடிதம் இருந்திருந்தால் செபஸ்தியன் அதோடு போயிருப்பார். அது என் மெஷினுக்குள் இருந்தது. மலர்க் கட்டுரையாளர் இந்த இடத்தை இரண்டு தரம் வாசிக்கலாம்.

ஒரு மணித்தியாலம் தவணை வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். மெஷினைக் கழற்றிக் கொண்டுபோகிறேன் என்று சேரிடம் சொன்னேன். அவர் கதிரையை விட்டு எழும்பினார், திரும்பவும் இருந்தார்.

"முழு மெஷினையுமோ?"

"கடிதத்தை மட்டும் கிள்ளிக்கொண்டு போகேலாது, சேர்."

"மற்ற ஃபோல்டருகளும் பாப்பாங்களோ?"

"பாத்தா என்ன? நாங்கள் என்ன களவே செய்யிறம்?" என்றேன். வேண்டுமென்றுதான் கேட்டேன்.

அவர் என் மேசைக்கு வந்து என் கதிரையில் இருந்தார்.

"மிஸ், ஒரு ஃபோல்டரில இருக்கிறதை முழுக்க அழிக்கிறது எப்பிடி?"

அங்கே ஒருவர் செருப்பில்லாமல் வாங்கில் இருக்கிறார். இங்கே இவருக்குத் தன் தரகுக் கணக்கை மறைக்கவேண்டியிருக்கிறது. ஷிஃப்டை அமத்திக்கொண்டு டிலீட்டைத் தட்டுங்கோ என்று வெட்டிச் சொன்னேன்.

"பிறகு எடுக்கேலாதோ?"

"ஏலாது."

அவர் முதலாவது கடிதத்தைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார். அடுத்ததைத் திறந்தார். நேரம் போகுது சேர் என்று நான் சத்தம் போட்டேன். அவர் மூடினார். ஒரு விரலால் ஷிஃப்டையும் மற்ற விரலால் டிலீட்டையும் தேடித் தட்டினார். பட்டியல் வெறுமையானது. எழும்பி, முகம் கழுவப் போய்விட்டார்.

எனக்கு ஒன்று தெரியும், அவருக்குத் தெரியாது. அந்த மெயில் புரோகிராமில் அழித்தது உடனே அழியாது. பட்டியலிலிருந்து பெயர் போகும், ஆனால் எழுத்தெல்லாம் கோப்புக்குள் அப்படியே கிடக்கும். இடத்தைச் சுருக்கு என்று ஒரு கட்டளை கொடுக்கும்வரை கிடக்கும். வெறும் எழுத்துகளைத் திறக்கிற சாதாரணப் புரோகிராமில் அந்தக் கோப்பைத் திறந்தால் அழித்த கடிதத்தை வரிவரியாக வாசிக்கலாம். நான் செய்திருக்கிறேன். களவைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாத மனிதர் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, எல்லா ஃபோல்டரையும் சுருக்கு என்ற கட்டளையைக் கொடுத்தேன். நீலக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக நகர்ந்து முடிந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வேலை சுத்தம். எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

மெஷினை மடியில் வைத்துக்கொண்டு முச்சக்கரவண்டியில் போனேன். வழியில் ஒரு சென்றியில் ராணுவத்தினர் மறித்து, இது என்ன என்று கேட்டு, துவக்கின் நுனியால் தட்டிப்பார்த்துப் போகவிட்டார்கள். நிலையத்தில் அவர்களுடைய திரையையும் கீபோர்டையும் என் மெஷினில் செருகி, கடிதத்தைத் திறந்து காட்டினேன். அதிகாரி உதடசைய வாசித்தார். வந்த திகதியையும் நேரத்தையும் பார்த்தார். சேர்ட் பொத்தான் அளவு என்ற இடத்தில் தன் பொத்தானைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். "ஹரி" என்றார், சரி என்று அர்த்தம். அவ்வளவுதான். வேறொரு ஃபோல்டரையும் அவர் தொடவில்லை, பார்க்கவேண்டும் என்று கேட்கவுமில்லை. போகும் முன் தன்னுடைய பிரிண்டர் ஏன் பாதிப் பக்கத்தோடு நிற்கிறது என்று கேட்டார். அதையும் திருத்திக் கொடுத்துவிட்டு வந்தேன். செபஸ்தியன் மத்தியானம் இரண்டு மணிக்கு வெளியே வந்தார். திரும்பும் வழியில் கோயில் வாசலில் இறங்கி, "நீங்க போங்க மிஸ், நா கொஞ்சம் உள்ள போய்ட்டு வாறன்" என்றார்.

அதன்பிறகு நான் சும்மா இருந்தேனா? தேநீர் அறையில் கதையைச் சொன்னேன், ஒருதரமல்ல. ஆள் கூண்டுக்குள் இருக்கிற நேரம் நம்முடைய பெரிய மனிதர் தன் மேற்கு ஆபிரிக்கா வியாபாரத்தைக் கழுவித் துடைத்தார் என்று நடித்தும் காட்டினேன், ஒரு விரலால் கீபோர்டைத் தேடுவது உட்பட. எல்லாரும் சிரித்தார்கள். செபஸ்தியன் மட்டும் சிரிக்கவில்லை. "விடுங்க மிஸ், அவருக்கு என்னா கஸ்டமோ" என்றார். இவருக்கு நன்றியும் தெரியாது, ரோசமும் கிடையாது என்று அவரையும் சேர்த்து ஏசினேன்.

சேரிடம் ஒரு மாற்றம் வந்தது. காலை எட்டரைக்கு மோடம் கத்தும்போது என் கதிரைக்குப் பின்னால் வந்து நிற்பார். கடிதங்கள் இறங்கி முடியும்வரை நிற்பார். பழைய ரேட்ஸ் ஃபோல்டரைப் பார்ப்பார், அது வெறுமையாகத்தான் இருக்கும். போய்விடுவார். தரகுக்காரன் கைவிட்டுவிட்டான் போல என்று நான் நினைத்தேன். அப்படி ஒரு மாதத்துக்கு மேல் போனது.

ஒரு மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம் வந்து கதவைச் சாத்தினார். டை கட்டியிருக்கவில்லை.

"மிஸ், அண்டைக்கு அழிச்சது. சேர்வரில எங்கயாவது இருக்குமோ?"

"சேர்வரில கொப்பி விடவேண்டாம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள், சேர்." சுடச்சுடச் சொன்னேன்.

"ஓம். நான்தான் சொன்னனான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது ரேட்ஸ் இல்லை. என்ர மகன் எழுதின கடிதங்கள்."

ஒரே மகன். அவன் இஸ்கொட்லாந்திலே படிக்கிறான் என்றுதான் அலுவலகத்தில் சொல்லியிருந்தார். உண்மையில் அவன், களவாக வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஒருவன் மூலம் வெளிக்கிட்டு மேற்கு ஆபிரிக்காவில் ஒரு துறைமுக ஊரில் மாட்டிக்கொண்டு நின்றானாம். வெள்ளவத்தையில் பணம் கட்டி மெயில் பார்க்கிற கடைக்குப் போனால் பின்னால் நிற்கிறவன் வாசிப்பான் என்று அலுவலக விலாசத்தைக் கொடுத்திருந்தார். அவன் எங்கேயோ ஒரு கடையிலிருந்து ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி, பெட்டி, சாமான், கப்பல் என்று மறைத்து மறைத்து எழுதியிருந்தான். பொலிஸ்காரர் அதைக் கண்டிருந்தால் செபஸ்தியன் மட்டுமல்ல, எல்லாரும் உள்ளே என்று பயந்திருக்கிறார். கடைசிக் கடிதத்தில் அவன் தங்கியிருந்த வீட்டு டெலிபோன் நம்பர் இருந்தது. நான் மெஷினைத் தூக்கிக்கொண்டு போன அந்த நாளிலிருந்து அவனிடமிருந்து ஒன்றும் இல்லை. கடைசியில் அவர் அந்த மெயில் கடைக்கே போய் அவன் விலாசத்துக்கு எழுதியவை திரும்பி வந்தன. ஏஜென்சிக்காரன் ஆளைக் காணோம்.

"நம்பரை எழுதி வைக்கேல்லையோ, சேர்?"

"எங்க எழுதிறது? வீட்டை மாதத்துக்கு ரெண்டு தரம் சோதனை. கடதாசியில அந்த நாட்டு நம்பரைக் கண்டா என்ன சொல்லுறது? மெஷினுக்குள்ள பத்திரம் எண்டுதானே வச்சனான்." பிறகு மெல்லச் சொன்னார்: "கடைசி நாலு இலக்கம் ஞாபகம் இருக்குது. முன்னுக்கு உள்ளது வருகுதில்லை."

நான் மெஷினைப் போட்டேன். கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தேன். சுருக்காமல் விட்டிருந்தால் அங்கே அவ்வளவும் கிடந்திருக்கும். நம்பர், வீட்டு விலாசம், மகன் சொன்ன எல்லாம். நான் இரண்டு நிமிடத்தில் வாசித்துச் சொல்லியிருப்பேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தேநீர் அறையில் நான் அவர் விரலை நடித்துக் காட்டியது ஞாபகம் வந்து காது சுட்டது. இத்தனை நாளும் அவரைக் கள்ளன், கோழை என்று ஏசிய வாய்க்கு இப்போது ஒரு வசனம் சொல்ல வேண்டியிருந்தது. நான்தான் சுருக்கினேன் சேர் என்று. மூன்றே மூன்று சொல்.

"நான் அண்டைக்கு ஏதும் பிழையா அமத்திப்போட்டனோ, மிஸ்?" என்று கேட்டார்.

"ஓம், சேர்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "எனக்கு உது ஒண்டும் விளங்கிறேல்லைப் பிள்ளை" என்றார். அதற்கு முன் அவர் என்னைப் பிள்ளை என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போய், நான் காலையில் வைத்த கடிதங்களை எடுத்து, சிவப்புப் பேனையைத் திறந்தார்.